வேர் சிகிச்சையில் தாவரச் சேர்மங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிராம்பு, மஞ்சள், திரிபலா, வேம்பு, நோனி, பச்சைத் தேயிலை என்று ஆய்வுக்கூடத்தில் பல் வேருக்குள் ஊற்றிப் பார்க்காத மூலிகையே இல்லை என்னும் அளவுக்குக் கட்டுரைகள் குவிந்துவிட்டன. அவற்றைப் படித்த பல் மருத்துவ மாணவர்களும், ரூட் கெனாலுக்கு வருகிறவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. ஆய்வு செய்பவர்களுக்கான பகுதி நீளமானது. நோயாளிகளுக்கான பதில்கள் கடைசியில் உள்ளன.

வேருக்குள் இருக்கும் கிருமியைக் கொல்வது ஏன் இவ்வளவு கடினம்?

சொத்தையோ விரிசலோ, பல்லின் நடுவே நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள மென்திசுவான பற்கூழை எட்டியதும் கிருமி உள்ளே நுழைகிறது. கூழ் செத்துவிட்டால் அங்கே ரத்த ஓட்டம் இல்லை. ரத்தம் போகாத இடத்துக்கு நோய் எதிர்ப்பு அணுக்களும் போகாது, நாம் விழுங்கும் ஆன்டிபயாட்டிக்கும் போகாது. மாத்திரையால் வீக்கம் வடிந்த பிறகும் பல் குணமாகாமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

நோய்க்கு மூலம் கிருமிதான் என்பதை 1965ல் ககேஹாஷி குழு எலிகளை வைத்து நிறுவியது. சாதாரண எலிகளின் பற்கூழைத் திறந்துவிட்டபோது அது அழுகிச் சீழ் கட்டியது. கிருமியே இல்லாத சூழலில் வளர்ந்த எலிகளுக்கு அதே காயம் ஆறி, மேலே புது டென்டின் (எனாமலுக்கு உள்ளே இருக்கும் கெட்டிப் பகுதி) மூடியது.

சிக்கல், வேருக்குள் கூழ் ஓடும் கால்வாயின் அமைப்பில் இருக்கிறது. டென்டின் முழுக்க நுண்குழல்கள். கூழுக்கு அருகே ஒரு குழலின் விட்டம் சுமார் 2.5 மைக்ரான். எண்டெரோகாக்கஸ் ஃபீக்காலிஸ் கிருமி ஒரு மைக்ரானுக்குள் அடங்கும், அதனால் தாராளமாக உள்ளே போய்விடும். மெல்லிய அரமான ஃபைல் எவ்வளவு நன்றாகச் சுரண்டினாலும் கால்வாய்ச் சுவரில் 35 சதவீதமோ அதற்கு மேலோ தொடப்படாமலே நிற்பதை 2001ல் வந்த மைக்ரோ சி.டி. ஆய்வு காட்டியது. ஃபைல் தொடாத இடத்தைக் கழுவும் திரவம்தான் சுத்தம் செய்ய வேண்டும். அங்கே கிருமிகள் தனித்தனியாக இல்லாமல், தாமே சுரந்த பசைக்குள் கூட்டமாக, பயோஃபிலிமாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

வழக்கமான கழுவும் திரவமான சோடியம் ஹைப்போகுளோரைட் நன்றாக வேலை செய்யும்போது மூலிகையைத் தேடுவது ஏன்?

அதன் குறைகளும் உண்மையானவை என்பதால்தான். வேர்நுனியைத் தாண்டி ஊசி வழியே வெளியேறினால் கடும் வலி, சில நிமிடங்களில் முக வீக்கம், தோலுக்கடியில் ரத்தக் கட்டு எல்லாம் வரும். டென்டினின் கொலாஜனை அது சிதைக்கிறது. மிச்சம் நிற்கும் ஆக்சிஜனால், பல்லை அடைக்கும் பிசினான ரெசின் சரியாக ஒட்டாது. வேர் முழுதாக வளராத சிறுவர்களின் பல்லில், நுனியிலுள்ள குருத்தணுக்களைக் காப்பாற்ற 1.5 முதல் 3 சதவீதத்துக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மற்ற மருந்துகளுக்கும் அவற்றுக்கான எல்லை உண்டு. 2 சதவீத குளோர்ஹெக்சிடின் கிருமியைக் கொல்லும், ஆனால் அழுகிய திசுவைக் கரைக்காது. கால்சியம் ஹைட்ராக்சைடின் பி.எச். 12.5 அளவுக்கு இருந்தாலும் டென்டின் அந்தக் காரத்தன்மையை உறிஞ்சிக் குறைத்துவிடுகிறது. ஃபீக்காலிஸ் தன் புரோட்டான் பம்ப்பை இயக்கி உள்ளே அமிலச் சமநிலையைக் காத்துக்கொண்டு பிழைத்துவிடுகிறது. இந்த இடைவெளிகளைத் தாவரச் சேர்மம் நிரப்புமா என்பது நியாயமான கேள்வி. ஹைப்போகுளோரைட்டையே தூக்கிவிட்டு அந்த இடத்தில் மூலிகையை வைக்கலாமா என்பது வேறு கேள்வி. இவை இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே இந்தத் துறையின் பெரிய பலவீனம்.

எந்தச் சேர்மம் கிருமியை எப்படித் தாக்குகிறது?

கிராம்பின் யூஜினால், ஓமத்தின் தைமால், கார்வக்ரால் ஆகியவை எண்ணெயில் கரையும் ஃபீனால்கள். கிருமியின் சவ்வுக்குள் புகுந்து அதை இளக்கிவிடுவதால் பொட்டாசியமும் கிருமிக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி.யும் வெளியே கசிகின்றன. பச்சைத் தேயிலையின் முக்கியமான பாலிஃபீனால் ஈ.ஜி.சி.ஜி. அதுவும் சவ்வோடு பிணைகிறது, கிருமி பரப்பில் ஒட்டுவதையும் குறைக்கிறது. கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காயிலுள்ள டானின்கள் புரதங்களோடு பிணைந்து நொதிகளை முடக்குகின்றன.

மரமஞ்சளிலுள்ள பெர்பெரின் கதை கூடுதல் கவனத்துக்கு உரியது. அது டி.என்.ஏ.வோடு பிணையக்கூடியது. ஆனால் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற கிருமிகள் நார்-ஏ என்ற பம்ப் மூலம் அதை உடனுக்குடன் வெளியேற்றிவிடும். பெர்பெரின் உள்ள பெர்பெரிஸ் இனச் செடிகள் அந்தப் பம்ப்பை அடைக்கும் மற்றொரு பொருளையும் சேர்த்தே தயாரிக்கின்றன என்று 2000ல் வந்த ஆய்வு காட்டியது. அந்த இரண்டாவது பொருளுக்குத் தனியாகக் கிருமியைக் கொல்லும் சக்தி இல்லை. முழுச் சாறு நன்றாக வேலை செய்து, அதிலிருந்து பிரித்தெடுத்த தூய பொருள் சொதப்பினால் முதலில் இந்தச் சாத்தியத்தைத்தான் பார்க்க வேண்டும்.

தாவரப் பொருட்கள் ஏற்கெனவே வேர் சிகிச்சையில் இருக்கின்றனவா?

நிறையவே. வேரை அடைக்கும் கட்டா பெர்ச்சா, மலாய்த் தீபகற்பத்துப் பலாகியம் மரத்தின் பால். இன்றைய குச்சிகளில் அது ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும், பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடு. வேரின் இடுக்குகளை அடைக்கும் பசையான சீலர்களில் பழையதும் நம்பகமானதுமான துத்தநாக ஆக்சைடு-யூஜினால் வகை உறையும்போது கிருமியையும் அடக்குகிறது. மறு சிகிச்சையில் பழைய கட்டா பெர்ச்சாவை இளக்க யூகலிப்டஸ் எண்ணெய், ஆரஞ்சு எண்ணெய் பயன்படுகின்றன.

யூஜினாலில் ஒரு எச்சரிக்கை: அது ரெசின் கெட்டியாவதைக் கெடுக்கும். யூஜினால் சீலர் போட்ட அன்றே அதன் மேல் ரெசின் அடைப்பான காம்போசிட் வைத்தால் ஓரம் கசியும். கூழறைச் சுவரை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் நன்றாகத் துடைத்து, மெல்லிய டென்டின் அடுக்கு ஒன்றையும் சுரண்டிவிட்டே ஒட்டுப்பசையான பாண்ட் போட வேண்டும்.

திரிபலா, நோனி, பச்சைத் தேயிலை ஹைப்போகுளோரைட்டுக்கு மாற்றாகுமா?

ஆகாது. ஒரே காரணம் போதும்: அழுகிய திசுவைக் கரைக்கும் வேலையை இவற்றில் எதுவும் ஹைப்போகுளோரைட் அளவுக்குச் செய்வதில்லை. திசு மிச்சமிருந்தால் அதுவே அடுத்த கிருமிக் கூட்டத்துக்குச் சாப்பாடு.

ஆனால் கிருமிநாசினியாக இவை வெறும் பேச்சல்ல. 2010ல் சென்னையிலிருந்து வந்த ஆய்வு, பல்லின் மீது வளர்த்த ஃபீக்காலிஸ் பயோஃபிலிமில் திரிபலாவையும் தேயிலைப் பாலிஃபீனாலையும் 5 சதவீத ஹைப்போகுளோரைட்டோடு ஒப்பிட்டது. மூன்று வாரப் பயோஃபிலிமைத் திரிபலா முழுதாக அழித்தது. ஆறு வாரப் பயோஃபிலிமில் அப்படி அழிக்க முடியவில்லை, ஹைப்போகுளோரைட் இரண்டிலும் சிறப்பாகச் செயல்பட்டது. நம்மிடம் வரும் நோயாளியின் பல்லில் கிருமி குடியேறி மாதங்கள், சில நேரம் ஆண்டுகள் ஆகியிருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று புரியும்.

அதே ஆண்டு, டென்டின் துண்டுகளின் நுண்குழல்களில் செய்த இன்னொரு ஒப்பீட்டில் குளோர்ஹெக்சிடின் ஜெல் முதலிடம் பெற்றது. அடுத்து போவிடோன் அயோடின், பிறகு தேனீப் பிசினான புரொபோலிஸ், நோனிச் சாறு. கடைசியில் கால்சியம் ஹைட்ராக்சைடு. அமர்வுகளுக்கு இடையே உள்ளே வைக்கும் மருந்தாகத் தாவரப் பொருளுக்கு இடமிருக்கலாம் என்ற நம்பிக்கை இத்தகைய முடிவுகளால் வந்தது, அது நியாயமானதும்கூட.

நோனியில் ஆய்வு செய்பவர்கள் செடியைச் சரிபார்க்க வேண்டும். ஆய்வுகளில் வருவது மொரிண்டா சிட்ரிஃபோலியா. நம் ஊர்க் காடுகளில் வளரும் மஞ்சணத்தி அதே பேரினத்தின் வேறு சிற்றினம். நுணா என்ற பெயர் இரண்டுக்கும் வழங்குவதால் நாட்டு மருந்துக் கடையில் பெயர் சொல்லி வாங்கினால் மாறிவிடும்.

கிருமி வளர்க்கும் அகார் தட்டில், மருந்தைச் சுற்றிக் கிருமி வளராத பெரிய வளையம் வந்தால் நல்ல மருந்துதானே?

அப்படிச் சொல்ல முடியாது. வளையத்தின் அளவு மருந்து அகாருக்குள் எவ்வளவு பரவுகிறது என்பதையும் காட்டுகிறது. மஞ்சளின் குர்குமின் தண்ணீரில் கரையாது, அதனால் பரவாது, வளையம் சிறிதாகவே வரும். நீரில் கரையும் பலவீனமான பொருள் பெரிய வளையம் தரும். இரண்டு மூலிகைகளை வளையத்தை வைத்து வரிசைப்படுத்தும் கட்டுரையை முதற்கட்டச் சோதனை என்ற அளவில் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்துப் பார்க்க வேண்டியது செறிவு. கிருமி வளர்ச்சியை நிறுத்தும் குறைந்தபட்சச் செறிவு சாற்றுக்கு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேலும், தூய சேர்மத்துக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேலும் போனால் அது கவனிக்கத்தக்க செயல்திறன் அல்ல என்பது இத்துறையில் பலரும் ஏற்கும் வரம்பு. மிதக்கும் கிருமிக்குப் போதுமான அளவு பயோஃபிலிமுக்குப் போதாது. நூறு மடங்கு, சில நேரம் ஆயிரம் மடங்குகூடத் தேவைப்படும்.

‘99 சதவீதம் அழிந்தது’ என்ற வரியிலும் ஏமாற வேண்டாம். ஒரு கோடியில் 99 சதவீதம் போனால் ஒரு லட்சம் உயிரோடு மிஞ்சும்.

எம்.டி.எஸ். (பல் மருத்துவ மேற்படிப்பு) ஆய்வுக்கு மூலிகைக் கழுவுநீரைச் சோதிக்க விரும்புகிறேன். எப்படிச் செய்வது, எங்கே தவறு நடக்கும்?

செடியிலிருந்து தொடங்குங்கள். தாவரவியலாளரிடம் அடையாளச் சான்று வாங்கி, மாதிரி ஒன்றை எண்ணிட்டு வையுங்கள். கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில் இந்தச் சான்று கிடைக்கும். நிழலில் உலர்த்திப் பொடித்து, ஒரு பங்கு பொடிக்குப் பத்துப் பங்கு எத்தனால் சேர்த்து 48 முதல் 72 மணி நேரம் ஊறவிட்டு வடிகட்டுங்கள். எத்தனாலை 40 டிகிரியைத் தாண்டாமல் ரோட்டரி எவாப்பரேட்டரில் நீக்கி, கிடைத்த சாற்றை எடைபோட்டு, காற்றும் வெளிச்சமும் படாமல் 4 டிகிரியில் வையுங்கள். கிராம்பு, ஓமம் போன்ற ஆவியாகும் எண்ணெய் உள்ளவற்றுக்கு இந்த வழி ஒத்துவராது, நீராவியில் வடித்தெடுக்க வேண்டும். சேர்மங்களைப் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி.யில் குறிப்புச் சேர்மத்தின் அளவைக் காட்டாத சாற்றை இன்னொருவர் மறுபடி செய்து பார்க்கவே முடியாது, ஏனென்றால் பருவமும் மண்ணும் மாறினால் சேர்மத்தின் அளவும் மாறும்.

சாற்றைக் கரைக்க டி.எம்.எஸ்.ஓ. பயன்படுத்தினால், எந்தச் செறிவில் பயன்படுத்துகிறீர்களோ அதே செறிவில் வெறும் டி.எம்.எஸ்.ஓ. குழு ஒன்று கட்டாயம் வேண்டும். எத்தனாலுக்கும் ட்வீன் 80க்கும் இதே விதிதான். கரைப்பான் கொன்ற கிருமி மூலிகையின் கணக்கில் போய்விடக் கூடாது.

பற்களுக்கு வருவோம். பிடுங்கிய ஒற்றை வேர்ப் பற்களை 0.1 சதவீத தைமாலில் சேமிப்பது வழக்கம். தைமாலே ஓமத்தில் இருக்கும் கிருமிநாசினிதான்! கழுவாமல் விட்டால் எந்த மருந்தும் தராத குழுவிலேயே கிருமி வளராது. அதனால் பல முறை தண்ணீர் மாற்றி ஊறவையுங்கள். மேற்பகுதியை வெட்டி வேர்களை ஒரே நீளமாக்கி, ஒரே அளவுக்குக் கால்வாயை விரித்து, 17 சதவீத இ.டி.டி.ஏ.வும் ஹைப்போகுளோரைட்டும் விட்டு, சுரண்டும்போது சுவரில் படிந்த ஸ்மியர் லேயரை நீக்குங்கள். நுண்குழல் வாய் திறக்காவிட்டால் கிருமி உள்ளே போகாது. பிறகு 121 டிகிரியில் ஆட்டோகிளேவ்.

ஃபீக்காலிஸ் ஏடிசிசி 29212 வகையை 0.5 மெக்ஃபார்லாண்டுக்கு, அதாவது மில்லிலிட்டருக்குச் சுமார் 15 கோடி கிருமி என்ற அளவுக்குக் கலக்கி, கிருமி வளர்ப்புத் திரவமான பி.எச்.ஐ. பிராத்தில் 37 டிகிரியில் 21 நாள் வளருங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை பிராத்தை மாற்றுங்கள். மாற்றும் ஒவ்வொரு முறையும் வேறு கிருமி கலக்க வாய்ப்புண்டு. கிராம் சாயமிட்டு அவ்வப்போது பாருங்கள்.

மருந்தைக் கொடுத்த பின் அதன் செயலை நிறுத்தாமல் மாதிரி எடுப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. தட்டுக்கு வந்த மருந்து அங்கேயும் கிருமியைத் தடுத்துக்கொண்டிருக்கும், நீங்கள் கால்வாயிலேயே செத்துவிட்டதாக எண்ணுவீர்கள். செயலை நிறுத்த ஹைப்போகுளோரைட்டுக்கு சோடியம் தயோசல்ஃபேட், குளோர்ஹெக்சிடினுக்கு லெசிதினும் ட்வீன் 80ம். மூலிகைக்கு எது என்பதை நீங்களே முன்கூட்டிச் சோதித்து நிறுவ வேண்டும். டானினுக்கு ஆல்புமின் போன்ற புரதத்தை முதலில் முயன்று பார்க்கலாம்.

உறிஞ்சும் காகிதக் குச்சியான பேப்பர் பாயின்ட் பிரதான கால்வாயில் மிதப்பதை மட்டுமே உறிஞ்சும். அதனால் கேட்ஸ் கிளிடன் டிரில் 4, 5 ஆகியவற்றால் 200, 400 மைக்ரான் ஆழத்து டென்டின் துகளையும் எடுத்து, பத்துப் பத்தாக நீர்த்து, 30 முதல் 300 காலனி வரும் தட்டுகளை மட்டும் எண்ணுங்கள். டென்டின் பொடியைச் சேர்த்தும் ஒருமுறை மருந்தைச் சோதியுங்கள். பல மருந்துகள் டென்டினோடு சேர்ந்ததும் பலமிழந்துவிடும்.

ஒரே வகை ஃபீக்காலிஸ் மட்டும் இருக்கும் கால்வாய் மனித வாயில் கிடையாது. ஃபியூசோபாக்டீரியம், பிரிவொட்டெல்லா போன்ற காற்று வேண்டாக் கிருமிகளையும் சேர்த்துப் பல்வகைப் பயோஃபிலிம் வளர்க்க வசதியிருந்தால் ஆய்வின் மதிப்பு பல மடங்கு கூடும்.

மூலிகைச் சாற்றை ஹைப்போகுளோரைட்டோடு கலந்து பயன்படுத்தலாமா?

கூடாது. ஹைப்போகுளோரைட் ஆக்சிஜனேற்றி, தாவரப் பாலிஃபீனால் அதற்கு நேரெதிர். சேர்ந்தால் ஒன்றையொன்று செலவழித்துவிட்டு இரண்டும் வீணாகும். வரிசையாகப் பயன்படுத்துவதென்றால் ஹைப்போகுளோரைட்டும் இ.டி.டி.ஏ.வும் முடிந்து, தாராளமாக சலைனால் கழுவி, பேப்பர் பாயின்ட்டால் உலர்த்திய பிறகே மூலிகைக் கழுவுநீர்.

இதே வேதியியல் ஒரு நல்ல பயனையும் தருகிறது. ஹைப்போகுளோரைட் விட்டுச்செல்லும் ஆக்சிஜனைத் திராட்சை விதையின் புரோஆந்தோசயனிடின் நீக்கும், கொலாஜன் இழைகளைக் குறுக்கே பிணைத்து உறுதியும் ஆக்கும். ரெசின் ஒட்டுவதற்கு முன் கடைசிக் கழுவலாக இது பயன்படலாம். தாவரச் சேர்மங்களுக்கு வேர் சிகிச்சையில் மிகப் பொருத்தமான வேலை கிருமியைக் கொல்வதைவிட இதுவாகவே இருக்கலாம் என்பது எங்கள் எண்ணம்.

நோனிக்கும் இதுபோல் ஒரு செய்தி உண்டு. நோனிச் சாற்றுக்குப் பின் இ.டி.டி.ஏ. விட்டபோது ஸ்மியர் லேயர் நீங்கிய அளவு, ஹைப்போகுளோரைட்டுக்குப் பின் இ.டி.டி.ஏ. விட்ட அளவுக்கு ஈடாக இருந்தது என்று 2008ல் ஓர் ஆய்வு சொன்னது. அங்கே கூடவே இருந்தது இ.டி.டி.ஏ. என்பதை மேற்கோள் காட்டுபவர்கள் பலர் விட்டுவிடுகிறார்கள்.

மஞ்சளும் நீல ஒளியும் பற்றிச் சொல்லுங்கள்.

குர்குமின் 420 முதல் 450 நானோமீட்டர் வரையிலான நீல ஒளியை உறிஞ்சி, கிருமியைத் தாக்கும் ஆக்சிஜன் வகைகளை உண்டாக்கும். கால்வாயில் நிரப்பி, சில நிமிடம் ஊறவிட்டு, ஒளியைப் பாய்ச்சுவது முறை. காம்போசிட்டுக்குப் பயன்படுத்தும் லைட் கியூர் கருவியைக் கால்வாய் வாயில் பிடித்தால் நுனிப் பகுதிக்கு ஒளி போகாது. மெல்லிய ஒளியிழையை உள்ளே இறக்க வேண்டும்.

குர்குமினைக் கால்சியம் ஹைட்ராக்சைடோடு குழைத்து வைப்பது வேண்டாம். பி.எச். 7.2லேயே, சீரம் இல்லாத திரவத்தில், 37 டிகிரியில் அரை மணி நேரத்துக்குள் குர்குமின் ஏறத்தாழ 90 சதவீதம் சிதைந்துவிடுகிறது. 12.5ல் என்ன மிஞ்சும்? ஈ.ஜி.சி.ஜி.யும் காரத்தில் ஆக்சிஜனேறிப் பழுப்பாகிவிடும்.

பல் கறைபடுமா?

படும். மஞ்சள் மஞ்சளாகவும், டானின் பழுப்பாகவும் கறை விடும். முன்பற்களில் கூழறையை, ஈறு மட்டத்துக்குக் கீழ் வரை சுத்தம் செய்யாமல் மூடக் கூடாது.

பல்வலிக்கு வீட்டிலேயே கிராம்பு எண்ணெய், எருக்கம்பால் வைக்கலாமா?

எருக்கம்பால் ஒருபோதும் வேண்டாம். ஈறும் கன்னத்தின் உட்புறமும் வெந்து புண்ணாகும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

கிராம்பு எண்ணெய் வலியைச் சிறிது நேரம் மரத்துப்போகச் செய்யும். சிறு பஞ்சில் ஒரு சொட்டு தொட்டு, பிழிந்து, சொத்தைக் குழியில் மட்டும் வைக்கலாம். ஈறில் தடவினால் சுடும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், விழுங்கினால் கல்லீரலைப் பாதிக்கும். வேர்நுனியிலுள்ள சீழை அது தொடவே தொடாது. வலி நின்றுபோனால் குணம் என்றும் எண்ண வேண்டாம், கூழ் செத்தாலும் வலி நிற்கும்.

தாடைக்கடியில் வீக்கம், வாய் திறக்க முடியாமை, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம், காய்ச்சல் இவற்றில் எது இருந்தாலும் அன்றே, இரவானாலும், மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’ என்கிறார்களே?

உண்மைதான். துவர்ப்பும் குச்சியின் நாரும் பல்லின் வெளிப்பரப்புக்கும் ஈறுக்கும் உதவும். நோய் கூழுக்குள் இறங்கிய பிறகு வெளியே தேய்ப்பது எதுவும் உள்ளே போகாது.

மூலிகை முறையில் ரூட் கெனால் என்று ஒரு மருத்துவமனை சொல்கிறது. என்ன கேட்க வேண்டும்?

எச்சில் படாமல் பல்லைத் தனியே பிரிக்கும் ரப்பர் டேம் போடுவார்களா, ஹைப்போகுளோரைட் பயன்படுத்துவார்களா, மூலிகை அதற்குக் கூடுதலா அல்லது பதிலா, அந்தத் திரவம் எங்கே தயாரானது, கிருமிநீக்கம் செய்யப்பட்டதா என்று கேளுங்கள். யூஜினாலோ புரொபோலிஸோ உங்களுக்கு அலர்ஜி என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். ஒரு வருடம் கழித்து எக்ஸ்ரே எடுத்து வேர்நுனியில் எலும்பு வளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்களா என்பதையும் கேளுங்கள். ‘பதிலாகத்தான்’ என்று சொன்னால், வேறொரு வேர் சிகிச்சை நிபுணரிடமும் (எண்டோடான்டிஸ்ட்) ஒருமுறை காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.